கோல்ஃப் 7 அயர்னில் 20 யார்டு கூடுதல் என்று காட்டினால் உஷார்

முதல் முறையாக நல்ல கோல்ஃப் அயர்ன் செட் (எண் கூடக் கூடத் தூரம் குறையும் இரும்புத் தலை கிளப்புகள்) வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 24 ஹாண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்; 24 என்றால் சுமாரான ஆட்டம்) உள்ள ஒருவருக்கு ஒரு கடையில் நடந்தது இது. அவருடைய பழைய 7 அயர்னை அடிக்கச் சொன்னார்கள்: 125 யார்டு. பிறகு கடையின் புது 7 அயர்ன்: 145. பந்தின் பறத்தலை அளக்கும் மானிட்டரைப் பார்த்ததும் பணத்தைக் கட்டிவிட்டார்.

பழைய 7-இன் லாஃப்ட், அதாவது கிளப் முகத்தின் சாய்வு, 34 டிகிரி. சாய்வு குறைந்தால் பந்து தாழ்வாக, தூரமாகப் போகும். புதியது 28. பழைய செட்டில் 28 டிகிரி என்றால் அது 5 அயர்ன்! கிளப்பின் அடியில் பொறிக்கும் எண்ணுக்குப் பொது விதி எதுவும் கிடையாது, கம்பெனி வைத்ததுதான் எண். புது மாடல்களில் எடை கீழே இருப்பதால் பந்து எளிதாக எழும் என்பது உண்மைதான். ஆனால் மெதுவான ஸ்விங்குக்கு அது போதாது. பந்து தாழ்வாகப் பறந்து, கிரீனில் விழுந்தும் நிற்காமல் ஓடிவிடும். மானிட்டரில் தூரத்தை விட்டுவிட்டு, பந்து இறங்கும் கோணத்தைப் பாருங்கள். 7 அயர்னில் அது 45 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும்.

அவருக்கு உண்மையான அடி விழுந்தது மைதானத்தில். கிட்டத்து அடிகளுக்கான சாய்வு கூடிய கிளப்புகள்தான் வெட்ஜ். புது செட்டின் பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரி, பையில் இருந்த சாண்ட் வெட்ஜ் 56. நடுவில் 13 டிகிரி பள்ளம். 80 முதல் 100 யார்டுக்கு முழு ஸ்விங்கில் அடிக்க அவரிடம் கிளப்பே இல்லை. 49 அல்லது 50 டிகிரி வெட்ஜ் தனியாக வாங்க வேண்டும் என்று கடைக்காரர் வாயே திறக்கவில்லை. செட்டோடு வந்த 4, 5 அயர்ன்கள் 24 ஹாண்டிகேப்காரருக்குப் பையில் பாரம்தான். 6-இலிருந்து எடுத்து, அதைவிட நீண்ட அடிகளுக்கு ஹைப்ரிட் (நீண்ட அயர்னுக்குப் பதிலாக வரும், அடிக்க எளிதான கிளப்) போடுவதே சரி.

கேள்வி கேட்கப் போனால், "லாஃப்டை வளைத்துத் தருகிறோம்" என்பார்கள். ஃபோர்ஜ் செய்த (அடித்து உருவாக்கிய) தலை வளையும். கடினமான வார்ப்பு ஸ்டீலில் 2 டிகிரிக்கு மேல் போனால் கழுத்து உடையலாம். லாஃப்ட் கூடக் கூட பவுன்ஸும் (கிளப்பின் அடிப்பாகம் தரையோடு செய்யும் கோணம்) கூடும், இறுகிய தரையில் கிளப் எகிறும்.

ஷாஃப்டில் (கிளப்பின் தண்டில்) உள்ள விறைப்பைக் காட்டும் எழுத்துக்கும் எண்ணைப் போலவே பொது விதி கிடையாது. ஆர் சாதாரணம், எஸ் விறைப்பு என்பார்கள். ஒரு கம்பெனியின் ஆர் இன்னொன்றின் எஸ் அளவுக்கு விறைப்பாக இருக்கலாம். 34 டிகிரி 7 அயர்ன் காற்றில் 130 யார்டைத் தாண்டாதவருக்கு 120 கிராமுக்கு மேற்பட்ட ஸ்டீல் எஸ் ஷாஃப்டைக் கட்டுவது அநியாயம். பந்து வலப்பக்கம் தாழ்வாகப் போகும், முழங்கை வலிக்கும். அவருக்கு இலகுவான கிராஃபைட் போதும். ஸ்டாக்கில் தேங்கியதைத் தள்ளிவிடத்தான் "ஆட்டம் வளர வளர இது சரியாகிவிடும்" என்கிறார்கள்.

"பெரிய ஆட்டக்காரர்கள் ஆடுவது" என்று பிளேடை (பின்பக்கம் குழிவில்லாத மெல்லிய தலை அயர்னை) காட்டினால் தொடவே வேண்டாம். கிளப்பின் முகத்தில் டேப் ஒட்டிப் பத்துப் பந்து அடியுங்கள். தடங்கள் ஒரு ரூபாய் நாணய அளவுக்குள் விழாதவரை, பின்பக்கம் குழிவாக, எடை ஓரங்களில் பரவிய கேவிட்டி பேக்தான் உங்களுக்கு.

கடையின் செயற்கைப் புல் விரிப்பில் மட்டும் அடித்து முடிவு செய்யாதீர்கள். பந்துக்குப் பின்னால் தரையை அடித்தாலும் கிளப் வழுக்கிப் போய்ப் பந்தைத் தொட்டுவிடும், தவறு தெரியாது. டெமோ கிளப்பைப் புல்லில் அடிக்கத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு கிளப்பின் லாஃப்ட், லை (தரையோடு ஷாஃப்ட் நிற்கும் கோணம்), நீளம், ஷாஃப்ட் எடை நான்கையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். செட் கைக்கு வந்ததும் லாஃப்ட்-லை மெஷின் உள்ள வேறொரு கடையில் வைத்து அளந்து பாருங்கள்.