மூன்றாவது சிலிண்டர் மரையும் டைம்-செர்ட் கிட்டும்: எட்டு மாத அனுபவம்

லோடு ஏற்றி மேட்டில் ஏறும்போது இன்ஜினிலிருந்து 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். முதலில் வால்வு கிளியரன்ஸ் என்றுதான் நினைத்தேன். ரெண்டு நாளில் வண்டி மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது. பானெட்டைத் திறந்து மூன்றாவது சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைக் கழற்றிப் பார்த்தால் ரப்பர் பூட் முழுக்கக் கரி. சிலிண்டருக்குள் அழுத்தப்படும் வாயு (கம்ப்ரஷன்) பிளக்கின் ஓரமாக வெளியே வந்துகொண்டிருந்தது.

இன்ஜின் நன்றாக ஆறும் வரை காத்திருந்து பிளக்கைக் கழற்றினேன். அரைச் சுற்றிலேயே லேசாகிவிட்டது. அப்புறம் வெறுமனே சுற்றியது. மெல்ல இழுத்தபோது பிளக்கின் மரை இடுக்குகளில் வெள்ளையாக ஒரு கம்பி சுற்றியிருந்தது. அது கம்பி இல்லை, சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டின் அலுமினிய மரையே உரிந்து பிளக்கோடு வந்திருந்தது. நகத்தால் நெம்பியதும் ஸ்பிரிங் போல மூன்று சுற்று நீளத்துக்குக் கையில் வந்தது. வண்டியை வாங்கிய நாளிலிருந்து பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டவனுக்கு அது என்ன வலி என்று வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

காரணம் எனக்குப் புரிந்தது. என்னுடையது பெட்ரோலிலும் சிஎன்ஜியிலும் ஓடும் நாலு சிலிண்டர் சின்ன லாரி. சிஎன்ஜியில் ஸ்பார்க் அடிக்க அதிக வோல்டேஜ் வேண்டும். பிளக் சீக்கிரம் தேயும், அதனால் அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். அதுவும் சூடான ஹெட்டில் கழற்றினால் மென்மையான அலுமினியம் பிளக்கின் மரையோடு பிடித்துக்கொண்டு உரியும். முந்தைய சர்வீஸில் ஒரு பட்டறையில் வண்டி வந்து நின்ற சூட்டிலேயே ராட்செட்டைப் போட்டுச் சுழற்றியதை நான் நேரில் பார்த்தேன். அன்றைக்கே தடுத்திருக்க வேண்டும்.

இனி என்ன செய்வது? மரையின் முனை மட்டும் நசுங்கி, மீதி நன்றாக இருந்தால் எந்தக் கிட்டும் வேண்டாம். மரையைச் சுத்தம் செய்யும் சேசர் ஒன்றை விட்டு எடுத்தாலே போதும். என் ஹெட்டில் கிட்டத்தட்ட எல்லா மரையும் போயிருந்தது. அந்த நிலையில் ஓட்டைக்குள் புது மரையாக உட்காரும் இன்செர்ட் ஒன்றைப் பொருத்த வேண்டும், அதற்கு ரெண்டு வழி. கம்பிச் சுருள் வகை இன்செர்ட் போடலாம், இல்லாவிட்டால் புஷ் மாதிரி உருண்டையான முழு இரும்பு இன்செர்ட் போடலாம். கம்பிச் சுருள் பல இடங்களில் நன்றாகவே வேலை செய்கிறது. சாதாரண போல்ட் ஓட்டைக்கு நானே எத்தனையோ போட்டிருக்கிறேன். ஆனால் பிளக் அடிக்கடி கழன்று மாட்டப்படும் சாமான். முன்பு வைத்திருந்த ஒரு வண்டியில் யாரோ போட்ட சுருள் பிளக்கோடு சேர்ந்து வெளியே வந்த அனுபவம் எனக்கு உண்டு. அதனால் இந்த முறை முழு இரும்பு வகையான டைம்-செர்ட் கிட்டை வரவழைத்தேன்.

இந்த இன்செர்ட்டின் சிறப்பு அதன் ரெண்டு முனைகளில் இருக்கிறது. மேல் முனையில் சின்ன விளிம்பு உண்டு. ஹெட்டில் அதற்கென வெட்டும் பள்ளத்தில் அது உட்காருவதால், பிளக்கை எவ்வளவு முறுக்கினாலும் இன்செர்ட் சிலிண்டருக்குள் இறங்காது. கீழ் முனையில் உள்மரை முழுசாக வெட்டப்பட்டிருக்காது. கடைசியில், இன்செர்ட்டை இறக்கும் கருவியான டிரைவரை எண்ணெய் தடவி உள்ளே திருகும்போது, அது அந்தக் கடைசி மரைகளை அழுத்தி விரிக்கிறது. விரிந்த இரும்பு ஹெட்டின் மரையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிளக்கைக் கழற்றும்போது கூடவே வராமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

வாங்குவதற்கு முன் அளவெடுங்கள். என் பிளக் 14 மில்லிமீட்டர், பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 1.25, மரை நீளம் 19 மில்லிமீட்டர், வாசரோடு உட்காரும் தட்டை சீட். கூம்பாக உட்காரும் டேப்பர் சீட் பிளக் என்றால் இன்செர்ட்டே வேறு. நீளத்திலும் கவனம் வேண்டும். இன்செர்ட் நீண்டு சிலிண்டருக்குள் துருத்தினால் துருத்திய அந்த முனை சூடேறிச் சிவந்து, ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிபொருளைப் பற்றவைக்கும். ரொம்பக் குட்டையாக இருந்தால் பிளக்கின் நுனி மரையில் கரி படிந்து, அடுத்த முறை கழற்றும்போது அந்தக் கரியே புது மரையை அறுக்கும்.

வேலையில் என்னைப் பயமுறுத்தியது ஒன்றே ஒன்றுதான், கோணம். பிளக் உட்காரும் குழி, அதாவது பிளக் கிணறு, ஒரு சாண் ஆழம். மேலே கைப்பிடி கொஞ்சம் சாய்ந்தாலும் இன்செர்ட்டுக்கு ஹெட்டில் மரை வெட்டும் டேப் கீழே கோணலாக இறங்கும், பிளக் வாசர் ஒரு பக்கம் மட்டும்தான் உட்காரும். அதனால் எக்ஸ்டென்ஷன் கம்பியைச் சுற்றி ரெண்டு இடத்தில் காகித டேப் ஒட்டினேன். கிணற்றுச் சுவரை உரசி உரசாமல் இறங்கும் தடிமன் வரும் வரை சுற்றிக்கொண்டே போனேன். ரெண்டு வளையமும் சுவரில் படிந்து நிற்கும்போது கம்பி தானாக நடுவில் நிற்கிறது. எல்லா வேலையையும் கையால்தான் செய்தேன். மின் டிரில்லை அந்தப் பக்கமே கொண்டுபோகவில்லை.

மரை வெட்டும்போது உதிரும் துருவலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலுமினியத் துருவல் காந்தத்தில் ஒட்டாது, உள்ளே விழுந்தால் காந்தக் குச்சியை விட்டு எடுக்க முடியாது. முதலில் அந்தச் சிலிண்டரின் ரெண்டு வால்வும் மூடியிருக்கும்படி கிராங்கைத் திருப்பி, டேப் இடிக்காத அளவுக்குப் பிஸ்டனைக் கீழே இறக்கினேன். வால்வு திறந்திருந்தால் துருவல் வால்வு சீட்டில் சிக்கிக்கொள்ளும். டேப்பின் பள்ளங்களில் கெட்டியாக கிரீஸ் அப்பினேன். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. ரெண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, துணியால் துடைத்து, புதுசாக கிரீஸ். எடுக்கும் ஒவ்வொரு முறையும் கிரீஸுக்குள் வெள்ளித் தூள் மாதிரி மின்னும். அது வெளியே வருகிறதே என்பதே பெரிய ஆறுதல். பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் இன்ஜினைக் கெடுக்கிறார்கள்.

அடுத்து விளிம்புக்கான பள்ளம். கிட்டில் இருக்கும் கட்டரால் கொஞ்சம் கொஞ்சமாகவே வெட்டினேன். ஒவ்வொரு தடவையும் டார்ச் அடித்து, சீட் முழு வட்டமும் ஒரே மாதிரி பளபளக்கிறதா என்று பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால் கட்டர் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கிட் எவ்வளவு தரமாக இருந்தாலும் பள்ளம் கோணலானால் பலனே இல்லை. பிளக் தன் சூட்டில் பெரும்பகுதியை மரை வழியாகவும் சீட் வழியாகவும்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. சரியாகப் பதியாத பிளக் சூட்டிலேயே வெந்துபோகும்.

பிறகு வாக்குவம் கிளீனர் முனையில் ஒல்லியான பிளாஸ்டிக் குழாயை ஒட்டும் டேப்பால் ஒட்டி, உள்ளே விட்டு நன்றாக உறிஞ்சினேன். போரோஸ்கோப் கேமராவில் பிஸ்டன் தலையைப் பார்த்தேன், ஒரே ஒரு சுருள் மீதம். அதையும் எடுத்த பிறகுதான் மனசு அமைதியானது. பிரேக் கிளீனரால் மரையில் கிரீஸ் துளியும் இல்லாமல் துடைத்தேன்.

இன்செர்ட்டைப் பொருத்தும் கணம் தனி. டிரைவருக்கு எண்ணெய் போட்டு இன்செர்ட்டை அதில் மாட்டி இறக்கினேன். விளிம்பு பள்ளத்தில் உட்கார்ந்ததும் கைப்பிடி நின்றது. அதற்கு மேல் திருகும்போது கெட்டியாக ஒரு எதிர்ப்பு, கடைசி மரைகள் விரிகின்றன. கை நடுங்காமல் தொடர்ந்து திருகினால் ஒரு கட்டத்தில் எதிர்ப்பு குறைந்து லேசாகும். அதுதான் முடிந்ததற்கு அடையாளம். எதிர்ப்பைக் கண்டு பயந்து பாதியில் நிறுத்திவிடாதீர்கள். விரியாத இன்செர்ட் நிச்சயம் கழன்று வரும்.

புது பிளக்கை ரப்பர் குழாயில் செருகி விரலாலேயே இறக்கினேன். குழாய்க்கு இருக்கும் பிடி குறைவு. மரை தப்பாகப் பிடித்தால் குழாய் வழுக்கும், மரை தப்பிக்கும். கடைசியில், முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச்சில் 25 நியூட்டன் மீட்டர், வண்டியின் கையேட்டில் உள்ளபடி. மரை ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தடவும் ஆன்டி-சீஸ் எதுவும் தடவவில்லை. முலாம் பூசிய பிளக்குக்கு அது தேவையில்லை. தடவிவிட்டு அதே டார்க்கில் முறுக்கினால் பிளக் அளவுக்கு மீறி இறுகிவிடும்.

கிட்டைப் பற்றி என் தீர்ப்பு: ஒரே ஒரு ஓட்டைக்காக வாங்குவது பெரிய செலவுதான். பட்டறை வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். சொந்த வண்டிக்கு மட்டும் என்றால் கிட் கையில் இருக்கும் நல்ல லேத் பட்டறையிலோ மெக்கானிக்கிடமோ செய்துகொள்வது லாபம். வேலையைத் தொடங்கும் முன் உங்கள் கிணற்றின் ஆழத்தை அளந்து, எக்ஸ்டென்ஷன் எட்டுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஹெட்டில் விரிசல் இருந்தாலோ ஓட்டை ஒரேயடியாக நீள்வட்டமாகிவிட்டிருந்தாலோ இதை முயல வேண்டாம். ஹெட்டைக் கழற்றி வெல்டிங் வைத்து, லேத் பட்டறையில் புது ஓட்டை போடுவதுதான் வழி.

எட்டு மாதமாக லோடோடு ஓடுகிறது. சத்தம் இல்லை, மேட்டில் பழைய இழுவை திரும்பிவிட்டது. போன வாரம் ஆறிய இன்ஜினில் நாலு பிளக்கையும் கழற்றினேன். மூன்றாவதில் கொஞ்சம் கூடுதலாகவே பதற்றம். பிளக் மட்டும் வெளியே வந்தது, இன்செர்ட் அசையவில்லை. வாசரில் பதிந்த தடம் முழு வட்டமாக, ஒரே அகலத்தில் இருந்தது. பீங்கானின் நிறமும் மற்ற மூன்றைப் போலவே.