ஸ்டென்ட் வச்ச எங்கப்பாவுக்கு அஞ்சு மாசம் குடுத்த மூட்டுவலி மாத்திரை, வீட்ல ஹார்ட் பேஷன்ட் இருந்தா படிச்சிடுங்க

கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க. எங்கப்பாவுக்கு 68 வயசு. ஆறு வருஷம் முன்னாடி ஹார்ட் அட்டாக் வந்து ரெண்டு ஸ்டென்ட் வச்சாங்க, அன்னிலேர்ந்து ஒரு வேளை மாத்திரை தவறவிட்டதில்ல, காலைல நடை, பிபி பார்த்து நோட்டுல எழுதுறதுன்னு அவ்வளவு ஒழுங்கா இருந்த மனுஷன். அப்படிப்பட்டவர ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு விட முடியாம உக்காந்த நிலையிலேயே ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓட வேண்டி வந்தது ஒரு முட்டிவலி மாத்திரையோட சம்பந்தப்பட்ட விஷயம்னு சொன்னா முதல்ல நானே நம்பல.

முட்டி தேய்மானம்னு ஒரு எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். ஹார்ட் ஃபைல் முழுசா கையிலேயே கொண்டு போயிருந்தேன், டிஸ்சார்ஜ் சம்மரி மேலேயே இருந்துச்சு, மேஜை மேல வச்சேன். அவர் அதத் தொடவே இல்ல. எக்ஸ்ரே பார்த்தார், முட்டிய ரெண்டு தடவ மடக்கிப் பார்த்தார், மொத்தம் நாலு நிமிஷம் இருக்கும், எட்டோரிகாக்சிப் 90 மில்லிகிராம் தினம் ஒண்ணுன்னு எழுதினார். நான் வாய்விட்டே கேட்டேன், சார் அப்பாவுக்கு ஸ்டென்ட் இருக்கு, இந்த மாத்திரை பரவாயில்லையான்னு. "இது புது மாத்திரைம்மா, வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது, தைரியமா குடுங்க"ன்னார். நான் கேட்டது ஹார்ட்ட பத்தி, அவர் பதில் சொன்னது வயித்த பத்தி. அந்த நேரத்துல அது எனக்கு உறைக்கல.

வலி நல்லாவே குறைஞ்சுது, அதையும் சொல்லிடணும். அப்பாவுக்கு சந்தோஷம், மாடிப்படி ஏறினார். ஆனா ரெண்டாவது மாசத்துலேர்ந்து பிபி நோட்டுல நம்பர் ஏற ஆரம்பிச்சுது, 130ல இருந்தது 150, 160ன்னு போச்சு. மறுபடி போய் நோட்டக் காட்டினா, பிபி மாத்திரைய கூட்டிக்கச் சொல்லுங்க, வயசானா அப்படித்தான்னார். கால் வீங்குதுன்னு சொன்னப்ப காலத் தொங்கப் போடாதீங்கன்னார். மூணு தடவ போனோம், மூணு தடவையும் அதே மாத்திரை, அதே 90. நாலாவது மாசம் வெளியூர் போனப்ப வேற ஒரு டாக்டர் தசை இறுக்கத்துக்குன்னு ஒரு மாத்திரை குடுத்தார், வேற பேரு, வேற கலர் அட்டை, ஆனா பின்னாடி பொடி எழுத்துல பார்த்தா அதுலயும் எட்டோரிகாக்சிப் கலந்திருக்கு. ஒரு வாரம் ரெண்டையும் சேர்த்து சாப்பிட்டிருக்கார். இது எல்லாம் முடிஞ்ச பிறகுதான் எங்களுக்குத் தெரிஞ்சுது.

அப்புறம்தான் அந்த ராத்திரி. அதுக்கு ஒரு வாரம் முன்னாடிலேர்ந்தே மூணு தலகாணி வச்சுத்தான் படுத்தார், எடை அஞ்சு கிலோ ஏறியிருந்துச்சு, நாங்க நல்லா சாப்பிடுறார்னு நினைச்சோம். அது சதை இல்ல, உடம்புல தேங்கின தண்ணி.

ஆஸ்பத்திரில பார்த்த ஹார்ட் டாக்டரம்மா முதல்ல கேட்டது மாத்திரை பைய. மேஜைல கொட்டி ஒவ்வொரு அட்டையா திருப்பிப் பார்த்து இத மட்டும் தனியா எடுத்து வச்சு "இத யார் எழுதினது, எத்தனை நாளா சாப்பிடுறார்?"னு கேட்டாங்க. அஞ்சு மாசம்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. மறுநாள் என்னை உக்கார வச்சு அரை மணி நேரம் விளக்கினாங்க, அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் இந்தப் பதிவே எழுதுறேன்.

இந்த மாத்திரை வலிய உண்டாக்குற ஒரு நொதிய அடக்குது. ஆனா அதே நொதிதான் ரத்தக்குழாய் சுவர்ல ரத்தம் கட்டிக்காம பார்த்துக்குற ஒரு பொருளையும் உண்டாக்குது, அதுவும் சேர்ந்து குறைஞ்சிடும். ரத்தத்த உறைய வைக்குற பக்கம் மட்டும் அப்படியே இருக்கும், அதனால தராசு உறையுற பக்கம் சாயும். இன்னொரு பக்கம் கிட்னி உப்பையும் தண்ணியையும் வெளிய விடாம பிடிச்சு வைக்கும், பிபி ஏறும், கால் வீங்கும், ஏற்கனவே பலவீனமான ஹார்ட் அந்தத் தண்ணிய தள்ள முடியாம நுரையீரல்ல தேங்கும். அப்பாவுக்கு நடந்தது இந்த ரெண்டாவது. புது அடைப்பு ஏதும் இல்லன்னு ஆஞ்சியோல தெரிஞ்சுது. இந்த மாத்திரை ஒண்ணுதான் காரணம்னு அவங்க சத்தியம் பண்ணல, ஆனா ஸ்டென்ட் வச்சவருக்கு இத எழுதியிருக்கவே கூடாதுன்னு திட்டவட்டமா சொன்னாங்க. ஐரோப்பாவுல இந்த மருந்தோட குறிப்புலயே மாரடைப்பு, பக்கவாதம் வந்தவங்களுக்கு, பிபி கட்டுக்குள்ள இல்லாதவங்களுக்கு குடுக்கக் கூடாதுன்னு இருக்கு. முட்டி தேய்மானத்துக்கு அதிகபட்சமே 60 மில்லிகிராம்தான், எங்கப்பாவுக்கு 90. அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி குடுக்குற அரசு அமைப்பான எஃப்டிஏ 2007ல இதுக்கு அனுமதியே குடுக்கல.

இது ஏதோ நேத்து கண்டுபிடிச்ச விஷயமும் இல்ல. இதே குடும்பத்து மாத்திரை வயாக்ஸ், 1999ல வந்துச்சு, இதே மாதிரி வயித்துக்கு நல்லதுன்னுதான் வித்தாங்க. 2000லயே ஒரு பெரிய ஆய்வுல மாரடைப்பு அதிகமா வந்தது தெரிஞ்சுது, ஆனா ஒப்பிட்டுப் பார்த்த பழைய மருந்துதான் ஹார்ட்ட காப்பாத்துது, இது கெடுக்கலன்னு கம்பெனி சமாதானம் சொல்லுச்சு. கடைசில 2004 செப்டம்பர் 30ல அவங்களே வாபஸ் வாங்கினாங்க. அந்த நவம்பர்ல எஃப்டிஏலயே வேலை பார்த்த டாக்டர் டேவிட் கிரஹாம் அமெரிக்க செனட் கமிட்டி முன்னாடி உக்காந்து, இதனால 88,000 லேர்ந்து 1,39,000 பேர் வரைக்கும் கூடுதலா பாதிக்கப்பட்டிருக்கலாம்னு தன்னோட கணக்க சொன்னார், தன் ஆபீஸ்மேலயே குறை சொன்னார். ஒரு டாக்டர் தன் வேலையையே பணயம் வச்சு பேசின விஷயம் இது, இத்தனை வருஷம் கழிச்சு எங்கப்பாவப் பார்த்த டாக்டர் மேஜைல அது ஏன் ஒரு கேள்வியா கூட வரலன்னு நினைச்சா நெஞ்சு எரியுது.

எட்டோரிகாக்சிப் மட்டும்னு நினைச்சிடாதீங்க. டைக்ளோஃபினாக்குக்கும் 2013லயே ஐரோப்பாவுல இதே மாதிரி தடை போட்டாங்க, ஹார்ட் நோய் உள்ளவங்களுக்குக் கூடாதுன்னு. இந்த வகை வலி மாத்திரைல ஆபத்து முதல் சில வாரத்துலயே ஆரம்பிக்கலாம்னு எஃப்டிஏ 2015ல எச்சரிக்கைய கடுமையாக்குச்சு. ஐபுப்ரொஃபேன் இன்னொரு வம்பு, ஹார்ட்டுக்கு எடுக்குற ஆஸ்பிரினோட வேலையத் தடுக்கும். அதனால கடைல தானா வாங்கிப் போடுறவங்க இதையும் பாருங்க. அதுக்காக பயந்து ஆஸ்பிரினையோ ரத்தம் உறையாம இருக்க குடுத்த மாத்திரையையோ நீங்களா நிறுத்திடாதீங்க, ஸ்டென்ட் அடைச்சிடும், அது இத விட பெரிய ஆபத்து. வேற எந்த மாத்திரைய நிறுத்தணும்னாலும் ஹார்ட் டாக்டர கேட்டுத்தான்.

டாக்டரம்மா அந்த எலும்பு டாக்டருக்கு கையால ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தாங்க. நான் கொண்டு போனேன். படிச்சிட்டு, "ஹார்ட் பிரச்சனை இருக்குன்னு நீங்க சொல்லலையே"ன்னார். எனக்கு கை நடுங்கிடுச்சு. கேஸ் ஷீட் காப்பி கேட்டு வாங்கிப் பார்த்தா, இதய நோய்ங்கிற இடத்துல "இல்லை"ன்னு டிக் போட்டிருக்கு. எங்ககிட்ட யாரும் அந்தக் கேள்விய கேட்கவே இல்ல. இதத்தான் ஏமாத்துன்னு சொல்றேன். தப்பான மருந்து எழுதினது ஒரு பக்கம், அது எங்க தப்புன்னு தெரியுற மாதிரி காகிதம் ரெடியா இருந்தது இன்னொரு பக்கம். அதனால சொல்றேன், வாயால சொன்னது போதும்னு விட்றாதீங்க, ஸ்டென்ட் இருக்குன்னு சீட்டுலயே எழுத வையுங்க, எழுதினத அங்கேயே நின்னு படிச்சுப் பாருங்க. அட்டைய வாங்கினா பெரிய எழுத்துல இருக்குற பேர விட்டுட்டு பின்னாடி இருக்குற மருந்து பேர படிங்க.

அப்பா இப்ப ஒரு தலகாணில படுக்குறார். பிபி மறுபடி 130க்கு வந்துடுச்சு. முட்டிக்கு தேவைப்பட்டா பாரசிட்டமால், மேல பூசுற ஜெல், தொடை பலப்படுற எக்சர்சைஸ், அவ்வளவுதான், வலி இருக்குதான், தடி வச்சு நடக்குறார். அந்த டிக்க திருத்தச் சொல்லி எழுத்துல புகார் குடுத்து மூணு வாரம் ஆச்சு, பதில் வரல. வந்தா இங்கேயே எழுதுறேன்.