சி.டி.45 ஆ, லார் ஆ? இறுதியாண்டு ஆய்வுக்கு எதை எடுப்பது

ஏற்பி வகைத் தைரோசின் பொஸ்பற்றேஸ் (கலமென்சவ்வில் பதிந்திருந்து, புரதங்களின் தைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து பொஸ்பேற்றைக் கழற்றும் நொதியம்) ஒன்றின் தொழிற்பாட்டை இறுதியாண்டு ஆய்வாக எடுப்பது என்று முடிவானதும், எனக்குக் கடைசியாக மிஞ்சியவை இரண்டு: பி.ரி.பி.ஆர்.சி. என்ற பரம்பரையலகு தரும், வெண்குழியங்களில் உள்ள சி.டி.45; பி.ரி.பி.ஆர்.எஃப். தரும், ஈரல், கொழுப்பு, தசை போன்றவற்றில் உள்ள லார். மனிதனில் இந்த வகையில் 21 பரம்பரையலகுகள் இருக்கின்றன. நான் சி.டி.45 ஐ எடுத்தேன், இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். யாழ்ப்பாணத்தில் இதே கேள்வியோடு நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பொதுவானவற்றை நீட்ட வேண்டியதில்லை. இரண்டுமே முதலாம் நிறமூர்த்தத்தில் இருப்பவை. இரண்டும் கலமென்சவ்வை ஒரு தடவை ஊடுருவுகின்றன. கலத்தின் உள்ளே இரண்டு பொஸ்பற்றேஸ் பகுதிகள், அவற்றில் மென்சவ்வுக்குக் கிட்ட இருப்பதுதான் உண்மையில் வேலை செய்கிறது. லார் கண்டுபிடிக்கப்பட்டதே சி.டி.45 ஐ ஒத்த வரிசையைத் தேடிப் போனபோதுதான், 1988 இல்.

லார் பக்கம் மனம் போவதற்குக் காரணம் நீரிழிவு. "அக்கா, எங்கட ஊரில வீட்டுக்கு வீடு சீனி வருத்தம், பிறகேன் லாரை விட்டிட்டீங்கள்?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். நியாயமான கேள்வி. இன்சுலின் ஏற்பியில் ஏறிய பொஸ்பேற்றை லார் கழற்றி விடும். எலிகளின் தசையில் இதை மிகையாக உருவாக்கியபோது இன்சுலின் எதிர்ப்பு வந்தது. உடல் பருத்த மனிதரின் கொழுப்பிழையத்தில் இது கூடியிருப்பதாக 1995 இலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் இன்சுலின் ஏற்பியை அணைப்பதில் பெரிய பங்கு ஏற்பி வகையே அல்லாத பி.ரி.பி.1பி. என்ற இன்னொரு நொதியத்துக்கு. ஒரே கலத்துக்குள் லாரின் பங்கை அதிலிருந்து பிரித்துக் காட்டுவது ஒரு இளமாணி ஆய்வின் அளவுக்குள் அடங்காது. அத்தோடு, இந்தப் பரம்பரையலகின் இரு பிரதிகளும் பழுதான குடும்பம் ஒன்றில் 2014 இல் கண்டது நீரிழிவு அல்ல, முலைக்காம்பு இல்லாத பிறவிநிலை. லார் இல்லாத எலிகளிலும் பால் சுரப்பிகள் சரியாக வளரவில்லை. ஆக, விருத்தியில் அதற்குள்ள பங்கைத் தொடாமல் லாரைப் பற்றி எழுத முடியாது.

சி.டி.45 இன் வேலை எனக்குப் பிடித்ததற்குக் காரணம், பொஸ்பற்றேஸ் என்றாலே சமிக்ஞையை நிறுத்துவது என்று உயர்தரத்திலிருந்து நாங்கள் வைத்திருக்கும் எண்ணத்தை அது உடைக்கிறது. ரி-கலம் என்ற நிர்ப்பீடன வெண்குழியத்தில் எல்.சி.கே. என்றொரு கைனேஸ் (பொஸ்பேற்றை ஏற்றும் நொதியம்) இருக்கிறது. அதன் 505 ஆம் தைரோசினில் பொஸ்பேற் இருக்கும்வரை அது மடிந்துபோய்க் கிடக்கும். சி.டி.45 அந்தப் பொஸ்பேற்றை எடுத்துவிட, எல்.சி.கே. விரிந்து வேலைக்குத் தயாராகிறது. அதே சி.டி.45 தான் 394 ஆம் தைரோசினிலிருந்தும் பொஸ்பேற்றை எடுத்து எல்.சி.கே. அளவுக்கு மீறாமலும் பார்க்கிறது. ரி-கலம் இன்னொரு கலத்தோடு ஒட்டும்போது, பருத்த வெளிப்பகுதி கொண்ட சி.டி.45 தொடுகை இடத்திலிருந்து ஒதுங்கிப்போக, உள்ளே கைனேஸின் கை ஓங்குகிறது. இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மனிதச் சான்றே உண்டு: சி.டி.45 குறைபாட்டோடு பிறந்து, கடும் நிர்ப்பீடனக் குறைபாட்டுக்கு ஆளான குழந்தைகளைப் பற்றி 2000 ஆம் ஆண்டிலிருந்து அறிக்கைகள் வந்திருக்கின்றன.

இவ்வளவு இருந்தும், என் முடிவைத் தீர்த்தது எந்தக் கலமாதிரி கிடைக்கும் என்பதுதான். புரதம் வேலை செய்யும் கலம் உங்கள் கையில், உயிரோடு, உங்கள் மேசையிலேயே கிடைக்குமா?

லாருக்கு ஈரல், கொழுப்பு, தசை வேண்டும். சத்திரசிகிச்சையில் எடுத்த கொழுப்பை வாங்கலாம் என்று வைத்துக்கொள்வோம். தைரோசினில் உள்ள பொஸ்பேற் நிமிடக் கணக்கில் கழன்றுபோகிற சாமான். வெட்டியெடுத்த இடத்திலேயே திரவ நைதரசனில் போடாவிட்டால், ஆய்வுகூடத்துக்கு வந்து சேரும்போது நீங்கள் அளக்க நினைத்ததே மிஞ்சாது. சரி, ஈரல் கலத்தொடரை வளர்த்துப் பார்ப்போம் என்றால் காபனீரொட்சைட்டு அடைகாப்பான், கன்றுக் குருதிப்பாயம், இரண்டு மூன்று நாளுக்கொருமுறை ஊடகம் மாற்றுவது, விடுமுறையிலும் யாராவது போய்ப் பார்ப்பது என்று செலவு நிற்காது. இரவில் கரண்ட் நின்று ஜெனரேட்டரும் ஓடாவிட்டால் வளர்ப்பு முழுவதையும் திரும்பத் தொடங்க வேண்டும்.

சி.டி.45 க்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் சில மில்லிலீற்றர் குருதியும் போதும். குழாயை மையநீக்கியில் சுற்றினால் மேலே இளமஞ்சள் திரவவிழையம், அடியில் செங்குழியங்கள், நடுவில் மெல்லிய வெண்படலம். அந்தப் படலத்துக் கலங்களில் சி.டி.45 நிறைய இருக்கிறது. முதிர்ந்த செங்குழியத்திலும் சிறுதட்டிலும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய எதிர்மறைக் கலம் அதே குழாய்க்குள்ளேயே வந்துவிடுகிறது. ரி-கலத்தைப் பிரித்து, குழாயிலேயே தூண்டி, அந்தக் கணத்திலேயே பொஸ்பற்றேஸை நிறுத்தும் வனடேற்று சேர்த்துக் கலத்தை உடைக்கலாம். நேரம் உங்கள் கட்டுப்பாட்டில்.

புரதத்தைப் பிடித்துக் காட்டும் பிறபொருளெதிரிகள் கொழும்பு வந்து, அங்கிருந்து ஏ9 வீதியால் குளிர்ப்பெட்டியில் வர வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. ஆனால் சி.டி.45 க்கானது வைத்தியசாலைகளில் லிம்போமாவை (நிணநீர்க்கலப் புற்றுநோய்) காசினோமா போன்ற மற்றப் புற்றுநோய்களிலிருந்து பிரித்தறிய வழக்கமாகப் பயன்படும் ஒன்று; ஆகவே தேடி அலைய வேண்டியதில்லை.

நான் லாரில் கைவைத்து வேலை செய்தவள் அல்ல. அதன் சிரமங்களை வாசித்தும் கலவளர்ப்புச் செய்கிறவர்களிடம் கேட்டும்தான் சொல்கிறேன். ஏற்கெனவே ஓடுகிற கலவளர்ப்பு அறையும் அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் உள்ள இடத்தில் நீங்கள் இருந்தால், அல்லது லாருக்குப் பங்குள்ள நரம்பு வளர்ச்சியில் ஆர்வம் இருந்தால், லார் நல்ல தெரிவுதான்.

சி.டி.45 ஐ எடுப்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள். குருதிப் பூச்சில் பெரொக்சிடேஸ் முறையால் நிறமூட்டினால் செங்குழியத்து ஈமோகுளோபினும் பழுப்பாகி ஏமாற்றும். முதலில் ஐதரசன் பரவொட்சைட்டால் அதை அடக்குங்கள். அடுத்தது, சி.டி.45 ஒரே உருவில் வருவதில்லை. பரம்பரையலகின் 4, 5, 6 ஆம் எக்சோன்கள் (புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் துண்டுகள்) சேர்ந்தும் விடுபட்டும் வெளிப்பகுதி மாறும். இன்னும் அந்நியப் பொருளைச் சந்திக்காத ரி-கலத்தில் ஆர்.ஏ. வடிவம், சந்தித்து மீந்த நினைவுக் கலத்தில் குட்டையான ஆர்.ஓ. வடிவம். எல்லா வடிவத்தையும் பிடிக்கும் எச்.ஐ.30 என்ற பிறபொருளெதிரியை முதலில் வாங்குங்கள். காசு மிஞ்சினால் ஆர்.ஓ. வை மட்டும் பிடிக்கும் யு.சி.எச்.எல்.1 ஐ அப்புறம் பார்க்கலாம்.