கேஸ் ரெகுலேட்டருக்கு எண்ணெய் விட வருகிறவரை உள்ளே விடாதீர்கள்

நகரி, புத்தூர், திருத்தணிப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். சென்ற வாரம் நகரியில் என் அம்மா தனியாக இருந்த வேளையில், கழுத்தில் அட்டை தொங்க, தமிழும் தெலுங்கும் கலந்து பேசிய ஒருவர், கேஸ் கம்பெனியிலிருந்து சோதனைக்கு வந்திருப்பதாகச் சொல்லி நேரே அடுப்படிக்குப் போயிருக்கிறார். ரெகுலேட்டரின் நாப் (திருகும் குமிழ்) சில மாதங்களாக இறுகிக் கிடந்தது உண்மைதான். அதைத் திருகிப் பார்த்தவர், "சர்வீஸ் பண்ணலைன்னா வெடிச்சிடும்மா" என்று பயமுறுத்தி, மேல்மூடியை ஸ்குரூ டிரைவரால் நெம்பி, டப்பாவிலிருந்து எண்ணெயைப் பீய்ச்சிவிட்டு, 850 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ரசீது தரவில்லை.

நாப் இலகுவாகத்தான் திரும்பியது. ஆனால் மாலையில் அடுப்படியெங்கும் கேஸ் வாடை. ஜன்னல்களைத் திறந்து வைத்து, சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தபோது, மூடியிலுள்ள சிறு துளையில் குமிழி குமிழியாகக் கிளம்பியது; நாபை அணைத்ததும் நின்றது. அந்தத் துளை எண்ணெய் விடுவதற்கானது அன்று. உள்ளேயிருக்கும் ரப்பர் சவ்வு மேலும் கீழும் அசைந்து கேஸின் அழுத்தத்தைச் சீராக வைத்திருக்க, காற்று போய்வருவதற்கான வழி அது. சவ்வு கிழிந்தாலோ இடம் பிசகினாலோ கேஸ் அதன் வழியாகத்தான் வெளியேறும். எண்ணெய் விட்டாலோ தூசி ஒட்டித் துளையே அடைபடும்.

உடனே ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டருக்குப் பாதுகாப்பு மூடியைப் போட்டுவிட்டு, 1906 என்ற அவசர எண்ணுக்குச் சொன்னோம். மறுநாள் ஏஜென்சியில் விசாரித்தபோது, அப்படி யாரையும் அனுப்பவில்லை என்றார்கள். வேறு ரெகுலேட்டரும் அவர்களே மாற்றித் தந்தார்கள்.

நாப் இறுகினால் முதலில் ரெகுலேட்டர், சிலிண்டர் வால்வின் மேல் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அரைகுறையாக மாட்டியிருந்தாலும் அது திரும்பாது. வெளியே படிந்த எண்ணெய்ப் பிசுக்கை உலர்ந்த துணியால் துடைக்கலாம். அதற்கு மேல் தேங்காய் எண்ணெயும் வேண்டாம், தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம், இடுக்கியால் திருகவும் வேண்டாம். டெபாசிட் கட்டி வாங்கிய ரெகுலேட்டர் கம்பெனியின் பொருள். அதை வீட்டில் பிரித்துப் பழுது பார்ப்பதில்லை, மாற்றத்தான் வேண்டும். கேஸ் புத்தகத்தோடு ஏஜென்சிக்கு எடுத்துப் போங்கள். சோதனைக்கென்று யார் வந்தாலும், புத்தகத்திலுள்ள ஏஜென்சி எண்ணுக்குப் பேசி உறுதி செய்யும்வரை வாசலிலேயே நிறுத்துங்கள்.

எங்கள் தெருவில் இன்னும் சில வீடுகளிலும் இந்த ஆள் கைவைத்திருக்கிறார். உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால், இன்றைக்கே சோப்பு நுரை தடவிப் பாருங்கள்.