மண் பாதைக்கு யாரிடம் ஓட்டக் கற்பது?

நில அளவைக்குப் போகிறவர், கால்நடை மருத்துவர், மின்கம்பம் பார்க்கிறவர், வனக் காவலர். இவர்கள் யாரும் டிரைவர் வேலைக்குச் சேர்ந்தவர்கள் கிடையாது. ஆனாலும் வேலை நாளில் பாதி ஸ்டியரிங்கைப் பிடித்தபடிதான் போகிறது. தார் ரோட்டில் ஓட்டி வாங்கிய லைசென்ஸை வைத்துக்கொண்டு சேற்றிலும் சரளையிலும் இறங்குகிறார்கள். இவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என்று முடிவானால் பெரும்பாலும் மூன்று வழிகள் பேசப்படும்: வீடியோப் பாடம், அனுபவப்பட்ட டிரைவரோடு கூட அனுப்புவது, பயிற்சி மைதானத்தில் இரண்டு நாள் வகுப்பு. மூன்றிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

வீடியோவை நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டியவற்றுக்கு அது போதும். ஓடுகிற தண்ணீர் 30 செ.மீ. இருந்தாலே சின்னக் காரை மிதக்கவிடும், 60 செ.மீ. ஆனால் பிக்கப்பையும் தள்ளிக்கொண்டு போய்விடும். இன்ஜினுக்குள் தண்ணீர் போய் வண்டி நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யக்கூடாது. இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழல வைக்கும் டிஃப் லாக்கைக் காய்ந்த தார் ரோட்டில் போட்டு வளைக்கக்கூடாது. இதையெல்லாம் மரத்தடியில் உட்கார்ந்து போனிலேயே கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் கால் வீடியோ பார்ப்பதில்லையே. செங்குத்தான மேட்டில் பாதி ஏறியதும் இன்ஜின் அணைந்துவிடுகிறது என்று வையுங்கள். பதற்றத்தில் கால் தானாகக் கிளட்ச்சை மிதிக்கும், கை வண்டியைத் திருப்பப் பார்க்கும். இரண்டுமே தப்பு. பிரேக்கைப் பிடிக்காமல் கிளட்ச்சை மிதித்தால் இன்ஜினின் பிடி போய் வண்டி பின்னால் ஓடும். குறுக்கே திருப்பினால் உருண்டுவிடும். பிரேக்கை விடாமல் நின்று, லோ ரேஞ்சில் (வேகம் குறைந்து பலம் கூடும் கியர் வரிசை) ரிவர்ஸ் கியர் போட்டு, இன்ஜின் பிடியிலேயே நேர் பின்னால் மெதுவாக இறங்க வேண்டும். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். கால் அதற்குப் பழக எனக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை தேவைப்பட்டது.

அடுத்தது அனுபவசாலி. எந்த ஓடையில் மழைக்கு அப்புறம் எத்தனை நாள் இறங்கக்கூடாது, எந்த வளைவில் எதிரே டிராக்டர் வரும் என்பது எந்தப் பயிற்சிப் பள்ளிக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும். எங்களோடு இருந்த அண்ணன் சேற்றின் நிறத்தைப் பார்த்தே ஆழம் சொல்வார். சொன்னது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

ஆனால் அவருடைய பழக்கங்களும் சேர்ந்தே நமக்கு வரும். ஒருநாள் என் பிக்கப் வாய்க்கால் ஓரத்தில் அச்சு வரை இறங்கிவிட்டது. அண்ணன் அவர் வண்டியைக் கொண்டுவந்து, இழுவிசையில் நீண்டு சுருங்கும் பட்டை ஒன்றை எடுத்து, டிரெய்லர் மாட்டுகிற உருண்டையில் மாட்டினார். “இருபது வருஷமா இப்படித்தான் இழுக்கிறேன் தம்பி.” ஒரே வெட்டி இழுப்பு, வண்டி வெளியே வந்துவிட்டது. நானும் அதுதான் முறை என்று நம்பி ஒரு வருடம் அப்படியே செய்தேன்.

மைதான வகுப்பில்தான் விஷயம் புரிந்தது. அந்த உருண்டை டிரெய்லரைச் சீராக இழுக்கச் செய்தது, வெட்டி இழுப்பதைத் தாங்கச் செய்ததில்லை. பட்டையோ நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை நீண்டு விசையைச் சேர்த்துவைக்கிறது. உருண்டை முறிந்தால் அத்தனை விசையோடு பின்கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு போகும். ஆட்கள் இப்படிச் செத்திருக்கிறார்கள். எடை மதிப்பு குறித்த கொக்கியில் மட்டும் மாட்டு, பட்டையின் நடுவில் கனமான போர்வை ஒன்றைப் போடு, சுற்றி யாரும் நிற்கக்கூடாது. பத்து நிமிடப் பாடம். அந்த ஒரு வருடத்தை நினைத்து அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அதனால் மைதானம்தான் சிறந்தது என்று எழுதிவிடலாம். எனக்கு இரண்டு தயக்கம் உண்டு.

முதலாவது, அங்கே நாம் ஓட்டுவது அவர்களுடைய வண்டி: காலி, புது டயர், எல்லா வசதியும் இருக்கும். நம் வண்டியில் மேலே ஏணி, பின்னால் பாதி நிரம்பிய தண்ணீர்த் தொட்டி. தொட்டித் தண்ணீர் ஒரு பக்கம் சாயும்போது வண்டியும் கூடச் சாய்வதை அங்கே யாரும் காட்டுவதில்லை. மணலுக்கு டயர் காற்றை 15, 18 பவுண்டுக்கு இறக்கச் சொல்லித் தருவார்கள். பாரம் ஏற்றிய வண்டிக்கு அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது, தைரியம். நார்வேயில் 1979இல் புது ஓட்டுநர்களுக்கு வழுக்குப் பாதைப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். பிறகு ஆராய்ந்தபோது இளம் ஆண்களிடம் விபத்து குறைவதற்குப் பதில் கூடியிருந்தது. சறுக்கினால் சமாளித்துவிடலாம் என்ற நினைப்புதான் காரணம் என்று பார்க்கிறார்கள். பல மைதானங்களை நடத்துகிறவர்கள் பொழுதுபோக்குக்கு மேடேறுகிறவர்கள். அவர்களுக்கு ஏறிவிட்டால் வெற்றி. வேலைக்குப் போகிற நமக்கு, இறங்கிப் பார்த்துவிட்டு “வேண்டாம், திரும்புவோம்” என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

இன்னொன்றையும் கேளுங்கள்: சரளைச் சாலைக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறார்கள்? சேற்றில் சிக்கினால் அரை நாள் போகும். சரளையில் 80 கி.மீ. வேகத்தில் பின்பக்கம் சறுக்கி, ஸ்டியரிங்கை மறுபக்கம் அதிகமாக ஒடித்தால் வண்டியே உருளும். ஏபிஎஸ் இருக்கிறதே என்று நம்பினால், சக்கரம் பூட்டாமல் அது பார்த்துக்கொள்வதால் முன்னால் சரளை குவிந்து தடுப்பதும் இல்லை. நிற்கும் தூரம் நீளும். இதை மைதானத்தில் ஒரு சுற்றோடு முடித்துவிடுகிறார்கள், சேற்றுக்குழிதான் போட்டோவில் நன்றாக வருகிறது போல.

நான்கு சக்கர பைக் ஓட்டுகிறவர்களுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அதை ஓட்டுவதில் பாதி உடம்பைச் சாய்ப்பதுதான். அதற்குத் தனிப் பயிற்சியும் ஹெல்மெட்டும் வேண்டும்.

என்னைக் கேட்டால், பயிற்சியாளரை நம் இடத்துக்கு வரவழைப்பதற்கே என் ஓட்டு. நம் வண்டி, நம் பாரம், நம் பாதை, ஒரு வண்டிக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். வண்டிகள் இரண்டு நாள் வேலைக்குப் போகாது, நிர்வாகம் முணுமுணுக்கும். அது நிஜமான இழப்புதான். வீடியோவை முந்தின வாரமே எல்லோரும் பார்த்துவிட்டால் வகுப்பறை நேரம் மிச்சமாகும். பாதையைக் காட்ட அண்ணன் கூட இருக்க வேண்டும்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். முதல் நாள் மதியம் வரை அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். பட்டைப் பாடம் முடிந்ததும் ஒன்றும் பேசாமல் தன் வண்டிக்குப் போய், ஸ்பேனரை எடுத்து, பின்னால் இருந்த உருண்டையைக் கழற்றிக் கருவிப் பெட்டியில் போட்டார்.