பிரிட்டானியாவா, பழைய சவரன் காசா?

பிரிட்டனில் தங்கக் காசு வாங்கக் கிளம்பினால் முதலில் காதில் விழுவது இரண்டு பெயர்கள்: பிரிட்டானியா, சவரன். ஆமாம், நம் நகைக்கடையில் எட்டு கிராமுக்குச் சொல்லும் அதே சவரன்தான். அந்தச் சொல்லே இந்தக் காசிலிருந்து வந்தது. காசின் எடை 7.988 கிராம். 22 காரட், அதாவது நமக்குப் பழகிய 916. அதற்குள் இருக்கும் சுத்தத் தங்கம் 7.32 கிராம்.

பிரிட்டானியா வயதில் சின்னது, 1987-ல் வந்தது. 2012 வரை 22 காரட்டில் அடித்தார்கள். 2013 முதல் 999.9, அதாவது 24 காரட். ஒரு அவுன்ஸ் காசில் 31.1 கிராம் சுத்தத் தங்கம். பணத்தைத் தங்கமாக மாற்றி வைத்தால் போதும் என்பவர் இதையே வாங்கலாம். பெரிய காசு என்பதால், கிராமுக்குக் கணக்குப் போட்டால் தங்க விலைக்கு மேல் கொடுக்கும் தொகை பெரும்பாலும் சவரனைவிடக் குறைவு. 2021 முதல் போலியைத் தடுக்க நல்ல வேலைப்பாடும் சேர்த்திருக்கிறார்கள். காசைச் சாய்த்தால் பூட்டு திரிசூலமாக மாறும், பின்னணியில் கடல் அலை அசையும். ஆனால் 24 காரட் மெத்தென்றது. நகம் பட்டாலே கீறிவிடுமோ என்று பயந்து உறையை விட்டு வெளியே எடுக்க மனம் வராது.

வரியில் இரண்டும் சமம். பிரிட்டனில் வசிப்பவர்களுக்கு, 1837-லிருந்து அடித்த சவரனுக்கும் பிரிட்டானியாவுக்கும் மூலதன ஆதாய வரி கிடையாது. இரண்டும் சட்டப்படி செல்லுபடியாகும் பணம் என்பதே காரணம். தங்கக் கட்டிக்கு இந்தச் சலுகை இல்லை.

விற்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். அவசரத்துக்குக் கொஞ்சம் பணம் வேண்டுமென்றால் பிரிட்டானியாவை உடைக்க முடியாது. ஒரு அவுன்ஸுக்குச் சுமார் நாலே கால் சவரன். அதில் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம்.

இனி சேகரிப்பு. இங்கே என் மனசு முழுக்கப் பழைய சவரன் பக்கம்தான். இத்தாலியரான பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி 1817-ல் செதுக்கிய புனித ஜார்ஜும் குதிரையும் டிராகனும் இன்றைய காசிலும் இருக்கின்றன. ஐந்தாம் ஜார்ஜ் காலத்துக் காசு ஒன்றை லென்ஸில் பாருங்கள். ஆண்டுக்கு மேலே, தரைக்கோட்டில், அடித்த ஊரைச் சொல்லும் பொடி எழுத்து தெரியும். எஸ் என்றால் சிட்னி, எம் மெல்போர்ன், பி பெர்த், சி ஒட்டாவா, எஸ்ஏ பிரிட்டோரியா. எழுத்து இல்லாவிட்டால் லண்டன். 1918-ல் ஐ இருந்தால் அது பம்பாயில் அடித்தது. அங்கே அந்த ஒரே ஆண்டுதான் அடித்தார்கள். 1917 லண்டன் காசு அரிது, அதே ஆண்டு பெர்த் காசு சாதாரணமாகக் கிடைக்கும். விலையைத் தூக்குவதும் இறக்குவதும் அந்த ஒரு எழுத்துதான். அரிதல்லாத ஆண்டுகளோ தங்க விலையை ஒட்டியே கிடைக்கும். நூறு வயசுக் காசுக்கு நூறு வயசுக்கான விலை கேட்பதில்லை!

நான் முதலில் வாங்கியது 1912-ஆம் ஆண்டுக் காசு. கடை விளக்கில் தகதகவென்று மின்னியது. வீட்டுக்கு வந்து விளிம்பைத் திருப்பிப் பார்த்தால், ராஜா தலைக்கு நேர் மேலே வரிப்பற்கள் மழுங்கி, பக்கத்தில் தங்கம் லேசாக வெளுத்திருந்தது. யாரோ வளையம் பற்றவைத்துப் பதக்கமாகப் போட்டிருந்து, பிறகு அராவி எடுத்திருக்கிறார்கள். நம் வீட்டுக் காசுமாலையிலிருந்து கழற்றிய காசிலும் இதே தழும்பு இருக்கும். தங்கம் எங்கும் போகாது. ஆனால் சேகரிப்பாளர் அதற்கு, உருக்கினால் கிடைக்கும் தங்கத்தின் விலைதான் தருவார். நானோ நல்ல காசின் விலை கொடுத்திருந்தேன்.

அப்புறம் மெருகேற்றிப் பெட்டியில் விற்கும் புரூஃப் காசுகள். பார்க்க அழகுதான். ஆனால் கொடுத்த கூடுதல் பணம் திரும்ப வருவது கஷ்டம். பிடித்திருந்தால் ஒன்று வாங்குங்கள், முதலீடாக நினைத்து வேண்டாம்.

பழைய சவரன் வாங்கப் போகும்போது என் பையில் மூன்று சாமான் இருக்கும்: பத்து மடங்கு லென்ஸ், 0.01 கிராம் காட்டும் தராசு, விட்டமும் தடிமனும் அளக்க வெர்னியர். விட்டம் 22.05 மில்லிமீட்டர், தடிமன் 1.52. தேய்ந்த காசு எடையில் துளி குறையலாம். விட்டமோ தடிமனோ கூடினால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன். எல்லாவற்றுக்கும் முன்னால் விளிம்பை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பேன்.