வெயிலில் வைத்துப் பார்க்கச் சொல்லும் அச்சகம்: மட்டக்களப்பில் ஒரு பொதியும் ஒரு பெயர்ப்பலகையும்

மட்டக்களப்பு நகரில், திருகோணமலை வீதியை ஒட்டிய பகுதியில் இயங்கும் ஓர் அச்சகத்தின் சேவையைப் பற்றி எழுதுகிறேன். வடிவமைப்புப் பயிலும் மாணவி என்ற வகையில், ஒப்படைக்காக இரண்டு வேலைகளை அங்கே கொடுத்து முடித்தேன்: ஒன்று, வாகரைப் பக்கத்துச் சிறு உற்பத்தியாளர்கள் சிலரின் வறுத்த கஜுவுக்கான பொதி, மற்றது, கல்லடியில் கடற்கரையை அண்டிய ஒரு தேநீர்க் கடைக்கான மும்மொழிப் பெயர்ப்பலகை. குறைகளையும் எழுதவிருப்பதால் அச்சகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். தாள், பசை, இரும்பு, வெயில் ஆகியவற்றைப் பற்றி அங்குள்ளவர்களிடம் இருக்கும் அறிவு எந்த விரிவுரையிலும் எனக்குக் கிடைக்காதது. தமிழ் எழுத்தைக் கையாள்வதில் அவர்கள் காட்டும் அலட்சியமோ ஒரு தமிழ் நகரத்து அச்சகத்துக்குச் சற்றும் பொருந்தாதது.

கஜு வேலையில், உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி சாளரம் வைத்த பழுப்புநிறக் கிராஃப்ட் தாள் உறையையே உற்பத்தியாளர்கள் விரும்பினார்கள். அச்சக உரிமையாளர் அதற்கு உடனே தலையாட்டவில்லை. கஜுவின் நிறையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கொழுப்பு என்பதால், ஒளியும் காற்றும் தொடர்ந்து பட்டால் அது ஒட்சியேற்றமடைந்து, கெட்டுப்போன எண்ணெயின் வாடை வரத் தொடங்கிவிடும் என்பதை அவர் தமக்குரிய சொற்களில் விளக்கினார். “கடைக்காரர் இத வெயில் படுற இடத்திலதான் தொங்கவிடுவார் மகள். சாமான் பழுதாப் போச்செண்டா, உறை வடிவா இருந்து என்ன பிரயோசனம்?” என்று கேட்டார். அதன்படி, உட்புறம் உலோகப் பூச்சுள்ள, நிறுத்தி வைக்கக்கூடிய ஆயத்த உறையைத் தேர்ந்து, அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதென முடிவாயிற்று. உறையிலேயே நேரடியாக அச்சிடுவதற்கு, செதுக்கிய உலோக உருளையால் மை பதிக்கும் கிரேவியர் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உருளை செதுக்க வேண்டும் என்பதால், பெருந்தொகையாக அச்சிடாத ஒருவருக்கு அது கட்டுப்படியாகாது.

அடுத்து அவர் செய்ததே இந்த அச்சகத்தை நான் பரிந்துரைப்பதற்கான முதற்காரணம். முழுத் தொகையையும் அச்சிடுவதற்கு முன்னர் ஒரேயொரு ஸ்டிக்கரை அடித்து, அதைக் கஜு நிரப்பிய உறையில் ஒட்டி, கடை வாசலில் வெயிலில் வைத்துப் பார்க்கச் சொன்னார். வெற்று உறை தட்டையானது. நிரப்பியதும் அது வயிறு தள்ளி உப்பிவிடுகிறது, ஸ்டிக்கரின் இரு ஓரங்களும் பின்புறமாக வளைந்து மறைகின்றன. கணினித் திரையில் ஓரமாக அழகாக அமர்ந்திருந்த நிகர நிறை, நேரே நின்று பார்ப்பவருக்குத் தெரியாமற் போவதை அங்கேதான் காண முடிந்தது. தாள் ஸ்டிக்கரில் வறுத்த கஜுவின் எண்ணெய் பட்ட விரல்கள் கறை விடுவதும், பிளாஸ்டிக் ஸ்டிக்கரில் அது துடைத்தாற் போய்விடுவதும் அதே மேசையிலேயே தெளிவாகின. மாதிரி அச்சுக்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள், அது நியாயமானதே.

உணவுப் பொதியின் கட்டாய விபரங்களில் அச்சகத்தின் உதவி அரைகுறையானது. பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர நிறை, உற்பத்தி மற்றும் காலாவதித் திகதிகள், தொகுதி இலக்கம், உற்பத்தியாளரின் பெயரும் முகவரியும் ஆகியவை 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகளுடன் தொடர்புடையவை. அவற்றைச் சரிபார்ப்பது எங்கள் வேலையல்ல என்று கைவிரித்துவிடுகிறார்கள். ஆகவே, லேபலின் வரைவைப் பிரதேசத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டிய பின்னரே அங்கே செல்வது நல்லது. பார்கோட் விடயத்தில் மட்டும் அவர்கள் கண்டிப்பானவர்கள். இலங்கையில் பதிவாகும் 479 என்று தொடங்கும், பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட ஈஏஎன்-13 வகைப் பார்கோடின் இயல்பான அகலம் 37.29 மில்லிமீற்றர், அதை எண்பது வீதத்துக்குக் கீழே சுருக்க அவர்கள் உடன்படவில்லை. பொதியின் நிறத்துக்கு இசைவாகக் கோடுகளைச் சிவப்பில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் அங்கே விடை உண்டு: கடைகளிலுள்ள வாசிப்புக் கருவிகள் பெரும்பாலும் சிவப்பு ஒளியையே பாய்ச்சுவதால், சிவப்புக் கோடு அக்கருவிக்கு வெள்ளைத் தாளாகவே தோன்றும்.

இனி, குறைக்கு வருகிறேன். நான் கொண்டுசென்ற கோப்பு, எழுத்துகளுக்கான உலகப் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோட் எழுத்துருவில் அமைந்தது. அச்சகக் கணினியிலோ பழைய மென்பொருளும், அந்த முறையைச் சாராமல் பல ஆண்டுகளாகப் புழங்கும் பாமினி எழுத்துருவுமே இருந்தன. யூனிகோடில் ‘கொ’ என்பது ககரத்தையும் அதன்பின் வரும் ஓர் உயிர்க்குறியையும் கொண்டு சேமிக்கப்படுகிறது. அந்தக் குறியை எழுத்தின் இருபுறமும் பிரித்து நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. அந்தத் திறனற்ற மென்பொருளில் கொம்பு தன் எழுத்தை விட்டு இடம் மாறி நிற்கும், அல்லது புள்ளிகளாலான ஒரு வெற்று வட்டத்தோடு தனியே தொங்கும். இப்படிச் சிதைந்த வரிகளை வடிவமைப்பாளர் பையன் கவனிக்காமலேயே பக்கத்தில் பொருத்திக்கொண்டிருந்தார். சுட்டிக் காட்டியபோது முழுவதையும் பாமினியில் மீண்டும் தட்டச்சு செய்தார், அதில் புதிய எழுத்துப்பிழைகள் சேர்ந்தன. கோப்பைக் கொடுப்பதற்கு முன்பே எழுத்துகளை, எழுத்துரு தேவைப்படாத வெறும் வரைபடமாக, அதாவது வளைகோடுகளாக மாற்றிவிடுவதுதான், அவர்களின் பேச்சில் ‘கேர்வ்’ பண்ணிவிடுவதுதான், இதற்குப் பாதுகாப்பான வழி. ஆனால் அந்த வழி தெரியாத ஒரு கஜு உற்பத்தியாளரின் லேபலைத் திருத்தப்போவது யார்? ஆங்கிலத்தில் ஓர் எழுத்து விடுபட்டால் வாடிக்கையாளர் திருப்பிக் கொடுப்பார் என்று அஞ்சுகிறவர்கள், தமிழில் கொம்பு இடம் மாறினால் வாசித்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். இது இந்த ஓர் அச்சகத்தின் குறை மட்டுமன்று. பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் எவரும் எதிரேயுள்ள பலகைகளில் இதற்கு எடுத்துக்காட்டுக் காணலாம்.

பெயர்ப்பலகை வேலையில் இதே ஆட்கள் வேறொரு தரத்தில் இயங்கினார்கள். அளவெடுக்க நேரில் வந்தவர் முதலில் சுவரைப் பார்க்கவில்லை. வீதியின் மறுகரைக்குப் போய் நின்று, எங்கிருந்து வருபவர் பலகையைக் காண்பார் என்று பார்த்தார். பத்து அடித் தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்துயரம் என்பது இத்தொழிலில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. நூறு அடிக்கு அப்பாலிருந்து வசதியாக வாசிக்க வேண்டுமானால் பத்து அங்குலம் தேவை. மூன்று மொழிகளும் ஒரே பலகையில் இடம் கேட்கும்போது இந்தக் கணக்கு இறுக்கமாகிவிடுகிறது. தமிழில் மேலே புள்ளியும் கீழே உகரத்தின் இறக்கமும் வருவதால், வரிகளுக்கிடையே ஆங்கிலத்தைவிடக் கூடுதலான இடைவெளியும் விட வேண்டும். தமிழ் எழுத்தைப் பெரிதாகவும், சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் அதன் கீழே ஒரே அளவிலும் அமைத்தேன். வீதியின் மறுகரையிலிருந்து தமிழும், வாசலுக்கு வந்தபின் மற்ற இரண்டும் சிரமமின்றி வாசிக்கப்படுகின்றன.

அக்ரிலிக் தகட்டில் வெட்டி நிறுத்தும் முப்பரிமாண எழுத்துகளில் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. சிங்களத்தில் மெய்யெழுத்தைக் காட்டும் அடையாளம் எழுத்தோடு ஒட்டியே வரைந்துவிடப்படுகிறது. தமிழில் புள்ளி தனித் துண்டு. பசையால் மட்டும் ஒட்டினால், எழுத்து நிற்கப் புள்ளி உதிரும். உதிர்ந்தால் பெயர் வேறாகிவிடும். ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் தனி ஆணி வைத்துப் பொருத்த வேண்டும் என்பதை அவர்கள் கேளாமலே செய்திருந்தார்கள், அதற்கான கூலியை மதிப்பீட்டில் வெளிப்படையாகவும் எழுதியிருந்தார்கள். எல்ஈடி ஒளியை எழுத்துக்குப் பின்னால் வைத்தால் இரவில் எழுத்துகள் தடித்துத் தெரிவதால், புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையே பகலில் போதுமாக இருந்த வெளி இரவில் அடைபட்டுவிடும். அதையும் சற்று அகட்டினார்கள்.

கல்லடி, வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் நிலம். உப்புக் காற்றில் இரும்புச் சட்டம் எவ்வளவு வர்ணம் பூசினாலும் வெட்டிய முனைகளிலிருந்து துருப்பிடிக்கத் தொடங்கிவிடும் என்பதால், அலுமினியச் சட்டமும் துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளும் பரிந்துரைக்கப்பட்டன; விலை ஏறியது, கடைக்காரர் முணுமுணுத்தார், ஆனால் ஏற்றுக்கொண்டார். பிளாஸ்டிக் துணியில் அச்சிடும் பிளெக்ஸ் பெனர் மலிவானது, சதுர அடிக் கணக்கில் விலை சொல்கிறார்கள். எனினும் வாடைக்காற்றுக் காலத்தில் பாய்மரம்போல் காற்றை வாங்கிச் சட்டத்தோடு இழுபடும் அதை நிரந்தரப் பலகையாகக் கொள்ளக் கூடாது என்று அதை விற்பவரே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

கட்டணத்தில் பாதியை முற்பணமாகக் கேட்கிறார்கள். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கோப்புகளை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள். படமாக அனுப்பினால் அதன் தரம் குறைந்துவிடும் என்பதால், ஆவணமாக அனுப்புங்கள் அல்லது பென் டிரைவில் கொண்டுசெல்லுங்கள். சொன்ன திகதி தவறுவது வழமை. குறிப்பாக, வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குகளும் ஆடியில் மாமாங்கத் திருவிழாவும் வரும் காலத்தில் பெனர் வேலைகளே முதலிடம் பெறும் என்பதால், ஒப்படைக்குரிய திகதி அந்த மாதங்களில் வரும் மாணவர்கள் மாதிரி அச்சையாவது அதற்கு முன்னரே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.